பாச்சை தொடாத லேபிள்

7

ஏசி அறைக்குள் நுழைந்தால் கௌதமனுக்கு இரண்டு விஷயங்கள் நடக்கும். முதலில் தும்மல் வரும். அடுத்து, யாரோ எதிலோ கையெழுத்து வாங்கப்போகிறார்கள் என்று தோன்றும். இன்றைக்கு இரண்டும் காலை பத்தரைக்குள் நடந்து முடிந்துவிட்டன.

"போடுங்கம்மா. உங்க ஒருத்தர் பேரு போனா, உங்க விவசாயிங்க குழுவுல மத்த முப்பது பேரும் தப்பிச்சுடுவாங்க."

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த 'பசுந்துளிர்' இயற்கை அங்காடியின் மேலாளர் சந்திரசேகர், ஒரு தாளை மேஜையின் மேல் மெல்ல நகர்த்தினார். தாளில் நாலே வரி. 'என் தோட்டத்து வாழைக்கு மயில்துத்தம் கலந்த மருந்து தெளித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்' என்று ஆரம்பித்தது.

எதிரே உட்கார்ந்திருந்த வசந்தாமணி அந்தத் தாளைத் தொடக்கூட இல்லை. பரமத்தி வேலூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் பூவன் வாழை போட்டிருப்பவள். ஐம்பது வயது இருக்கும். அவள் தோட்டம் இயற்கைத் தோட்டம் என்று சான்று வாங்க மூன்று வருஷம் பிடித்தது. இன்று மாலை நாலு மணிக்கு நாமக்கல்லில் சான்றுக் குழு கூடுகிறது. அவள் அனுப்பிய பழத்தின் தோலில் செம்பு இருந்ததாகச் சோதனைச்சாலை சொல்லிவிட்டது. செம்பு என்றால் துத்தம். துத்தம் என்றால் மருந்து. மருந்து என்றால் சான்று ரத்து. மறுபடி முதலிலிருந்து மூன்று வருஷம்.

"அடிக்காத மருந்தை அடிச்சேன்னு எப்புடீங் எழுதறது?"

"அப்ப செம்பு எப்படி வந்துச்சு? வானத்துலருந்தா?"

"அதைக் கண்டுபுடிக்கத்தானுங்க இவங்களைக் கூட்டியாந்திருக்கறேன்." வசந்தாமணி பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

அங்கே சரிதா உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வருஷம் லாரி இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்துகளை ஆராய்ந்தவள். கவிழ்ந்து கிடக்கும் லாரியை ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும், டிரைவர் தூங்கினானா, முதலாளி தூங்கவிடாமல் ஓட்டச் சொன்னானா என்று சொல்லிவிடுவாள். இப்போது நாமக்கல்லில் டயர்க் கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். அந்த அலுவலகத்தின் மொத்த ஊழியர் படைதான் கௌதமன். திருச்செங்கோட்டுக்காரன். பன்னிரண்டு வருஷம் போர் போடும் ரிக் வண்டியோடு ஏழு மாநிலம் சுற்றி, 'இந்த இடத்துல தண்ணி வராதுங்க' என்பதை ஐந்து மொழிகளில் அடி வாங்காமல் சொல்லக் கற்றவன். துப்பறிவதற்கு அது ஒரு தகுதியா என்று கேட்டால், சரிதாவுக்கும் தெரியாது.

"லேபிள் ஒண்ணு பார்க்கலாமுங்களா?" என்றாள் சரிதா.

சந்திரசேகர் ஒரு சீப்பை எடுத்து வைத்தார். சீப்புக்கு ஒரு பழத்தில் மட்டும் சின்னக் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. குழுவின் பெயர், கீழே லாட் நம்பர்.

"இதுதான் மேடம் தலைவலி! எல்லாரும் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஒட்டறாங்க. கம்பெனிப் பேரு போட்டு நாங்களே அடிச்சுத் தர்றோம்னு சொன்னோம். முப்பது பேரும் சரின்னுட்டாங்க. இந்தம்மா ஒருத்தர்தான் விடமாட்டேன்னு நிக்கறாங்க. காகிதமாம், கிழங்கு மாவுப் பசையாம்!"

"ஏனுங்க, மருந்தில்லாத பழத்து மேல என்னன்னே தெரியாத கோந்தை ஒட்டிப்போட்டு, அது மேலயே இயற்கைன்னு எழுதறதுங்களா?" வசந்தாமணி தன் பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் போசியை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே வெள்ளையாகப் பசை. "மரவள்ளிக் கிழங்கு மாவு, தண்ணி. வேற ஒண்ணுங்கெடையாது. இன்னைக்கு வெடியக்காலம் காய்ச்சுனது. பாருங்."

விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். விழுங்கினாள். போசியைச் சந்திரசேகர் பக்கம் நீட்டினாள். அவர் நாற்காலியோடு பின்னால் போனார். கௌதமன்தான் ஒரு விரல் வழித்து நாக்கில் வைத்தான்.

"உப்பு ஒரு கல்லு போட்டிருந்தா ஊறுகா வெச்சே சாப்புட்டுருக்கலாமுங்க."

"அதுல இல்லைன்னா தோட்டத்துல அடிச்சதுதான்னு உறுதி ஆகுது இல்ல?" என்றார் சந்திரசேகர், வெற்றியோடு.

கௌதமன் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். கட்சிக்காரர் தன் வாயாலேயே தன் வழக்கைத் தின்றுவிட்டதாக அவனுக்குத் தோன்றியது.

சரிதா மட்டும் லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதத்தின் ஓரம் அரிக்கப்பட்டு, கடைசி எண்ணில் பாதி காணாமல் போயிருந்தது.

"இதை ஆருங்க தின்னது?"

சந்திரசேகரின் குரல் இறங்கியது. "பாச்சை மேடம். குடோன்ல கரப்பான்பூச்சி. பசை வாசத்துக்கு வந்துடுது."

"மருந்தடிக்கறதில்லீங்களா?" என்றான் கௌதமன்.

"இயற்கை அங்காடிங்க. எப்படி அடிக்கறது?"

கௌதமன் சிரித்துவிட்டான். சேலம் சுற்று வட்டாரத்திலேயே இவ்வளவு ஆரோக்கியமாகச் சாப்பிடும் பாச்சைகள் வேறெங்கும் இருக்காது.

"குடோனைப் பார்க்கணும்" என்று சரிதா எழுந்துவிட்டாள்.

*

குடோனில் நாற்றம் வாசலுக்கே வந்து வரவேற்றது. மூலையில் மூன்று அட்டைப்பெட்டிகள். பதிமூன்று, பதினான்கு, பதினைந்தாம் நம்பர் லாட்டுகள். செம்பு கிடைத்தது இந்த மூன்றில்தான். மாதிரி எடுத்த அன்றே அதிகாரிகள் சீல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பத்து நாளாகிவிட்டது. விற்கவும் முடியாது, வீசவும் முடியாது. உள்ளே பழங்கள் தங்கள் தலைவிதியை நினைத்துக் கறுத்துக்கொண்டிருந்தன.

"மாதிரி எடுக்க வந்தவங்க எந்தப் பழத்தைப் பிச்சுட்டுப் போனாங்க?" என்று கேட்டாள் சரிதா.

"லேபிள் ஒட்டுன பழத்தைத்தான். நம்பர் அதுலதானே இருக்கு? நம்பர் இல்லாத பழத்தை எடுத்தா எந்தப் பெட்டியோடதுன்னு நாளைக்கு யாரு சொல்றது?"

"எல்லாமே லேபிள் ஒட்டுனதா?"

"எல்லாமே."

சரிதா கௌதமனைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குப் பழக்கம். உடம்புக்கு ஒவ்வாத வேலை ஒன்று வரப்போகிறது என்று அர்த்தம்.

"சீல் ஒடையாம, கைப்பிடி ஓட்டை வழியா உள்ள பாரு கௌதமா."

"மேடம், என்ற மூக்குக்கு இன்சூரன்ஸ் இல்லீங்க."

"பாரு."

மண்டியிட்டான். ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் செல்போன் விளக்கை ஓட்டைக்குள் அடித்தான். பெட்டிக்குள் ஏழெட்டு பாச்சைகள் நிதானமாக நடந்தன, கல்யாண வீட்டில் இரண்டாவது பந்திக்கு இடம் பார்க்கிறவர்கள்போல.

"என்ன தெரியுது?"

"பழமெல்லாம் ஓட்டை ஓட்டையாக் கெடக்குதுங்க. தோலெல்லாம் அரிச்சிருக்குது. விருந்துதான்."

"லேபிள்?"

கௌதமன் உற்றுப் பார்த்தான். மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டான். அது அவனுக்கே தெரியவில்லை.

"லேபிள் முழுசா இருக்குதுங்க மேடம். ஒரு ஓரங்கூடக் கடிக்கல. லேபிளைச் சுத்தி ஒரு விரல்கடை தோலும் அப்புடியே இருக்குது. அந்தண்ட இருக்கறதைத் தின்னுபோட்டு இதை மட்டும் விட்டுட்டுப் போயிருக்குதுங்க."

மற்ற இரண்டு பெட்டிகளிலும் அப்படியே. பக்கத்து அடுக்கில், முந்தாநாள் வந்த பதினேழாம் லாட்டில் ஒரு லேபிளாவது முழுதாக இல்லை.

"பசைக்காகவே வர்ற பாச்சை, மூணே மூணு பெட்டியில மட்டும் எதுக்கு விரதம் இருந்துச்சு?" என்றாள் சரிதா. "தோட்டத்துல மருந்தடிச்சிருந்தா அது எல்லாப் பழத்து மேலயும் இருக்கும். லேபிள் இல்லாத பழத்தையும் பாச்சை தொட்டிருக்காது. ஆனா அதையெல்லாம் தின்னுருக்கு. லேபிள் ஒட்டுன இடத்தை மட்டும் தொடல. செம்பு தோட்டத்துல இல்லீங்க சார். லேபிளுக்கு அடியில இருக்குது."

வசந்தாமணி கண்ணை மூடித் திறந்தாள். பத்து நாளில் முதல் தடவையாக அவள் தோள் கொஞ்சம் இறங்கியது.

ஆனால் சந்திரசேகரும் வியாபாரி. அவர் முகத்தில் மெதுவாக வெளிச்சம் வந்தது.

"சரி மேடம். லேபிள்லதான். லேபிள் யாரோடது? பசை யாரோடது? பிளாஸ்டிக் வேண்டாம்னு அடம் பிடிச்சது யாரு? அப்பவும் இவங்கதானே?" தாளைத் திரும்ப நீட்டினார். "இப்பவாவது போடறீங்களா?"

இறங்கிய தோள் மறுபடி நிமிர்ந்தது. வசந்தாமணி அந்தத் தாளை வாங்கினாள். கையெழுத்துப் போடப்போகிறாள் என்றே கௌதமன் நினைத்தான். அவள் அதை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், ஆடிக்கொண்டிருந்த அடுக்கின் காலுக்கு அடியில் செருகினாள். அடுக்கு ஆடாமல் நின்றது.

"நாலு மணிக்கு நாமக்கல்ல பார்க்கலாமுங்க" என்றாள்.

"வரும்போது அந்தப் பெட்டியில ஒண்ணைத் தூக்கிட்டு வந்துடுங்க சார்" என்றாள் சரிதா. "சீல் உடையாம. உடைஞ்சுதுன்னா, ஏன் உடைஞ்சுதுன்னு நானே நாலு பேரு முன்னால கேட்பேன்."

*

சரிதாவின் பழைய ஆம்னி வேன் நாமக்கல் சாலையில் மல்லூரைத் தாண்டியது. கௌதமன் ஓட்டினான். பின்னால் வசந்தாமணி ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பசை தினமும் நீங்கதான் காய்ச்சுவீங்களா?" என்று கேட்டாள் சரிதா.

"தினமும் நாந்தானுங். நேத்துப் பசை இன்னைக்கு ஆகாதுங்க, புளிச்சுப்போயிரும்."

"அந்த மூணு லாட்டுக்கும்?"

வசந்தாமணி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அந்த மூணு நாளும் நான் ஊர்ல இல்லீங்க. நாத்தனா பேத்திக்குக் காதுகுத்து. மணியண்ணன்தான் பார்த்துக்கிட்டாரு. நம்ம ஷெட்டுலயே தங்கி, பழம் தொடைக்கறது, லேபிள் ஒட்டறது, பெட்டி கட்டறது எல்லாம் அவருதான். வெண்ணந்தூர்க்காரரு. நாலு வருஷமா இருக்காரு."

"இப்ப எங்க இருக்காரு?"

"காய்ச்சல்னு ஊருக்குப் போயிட்டாருங்க. ஒரு வாரமாச்சு."

கௌதமன் ஸ்டியரிங்கைத் தட்டினான். "முடிஞ்சுதுங்க மேடம்! சோதனை ரிசல்ட் வர்றதுக்கும் அவருக்குக் காய்ச்சல் வர்றதுக்கும் ஒரே நாளு. மேனேஜரு ஆளைப் புடிச்சிருக்கறாரு. பசையில துத்தத்தைக் கலந்து, பழியை அம்மிணி மேல போட்டு, பிளாஸ்டிக் ஸ்டிக்கரைக் கொண்டாந்துரலாம்னு போட்ட திட்டமுங்க இது. நம்ம வேலை இனி அந்த மணியனைச் சட்டையைப் புடிச்சு—"

"வாயை மூடுங்க தம்பி" என்றாள் வசந்தாமணி.

கௌதமன் கண்ணாடியில் பார்த்தான். அவள் இப்போதும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் முந்தானை நுனியை இறுக்கிச் சுற்றியதில் விரல் வெளுத்துப்போயிருந்தது. அவளுக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது என்று புரிந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான். அவன் சர்வீஸில் அது அபூர்வம்.

"வெண்ணந்தூர் ரோட்டுல திருப்பு" என்றாள் சரிதா.

*

தெரு முழுக்கத் தறிச் சத்தம். மணியனின் வீட்டில் மட்டும் தறி நின்றிருந்தது. அவர் மனைவி ஆத்தாயி, பின்கட்டில், தறியில் ஏற்றும் நூல் பாவுக்குக் கஞ்சி போட ஒரு பெரிய சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். மணியன் கட்டிலில், போர்வைக்குள். அறுபதை நெருங்கிய ஒல்லியான மனிதர். வசந்தாமணியைக் கண்டதும் எழப் பார்த்தார்.

"வாங்க அம்மிணி! இதென்னத்துக்கு இவ்வளவு தூரம்? இன்னும் ரெண்டு நாள்ல நானே வந்துருவேனுங்களே."

கௌதமன், விசாரணை அதிகாரி முறைப்படி, நேரே போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். கை சுட்டது. அசல் காய்ச்சல். ரசீது கேட்கத் தேவையில்லாத காய்ச்சல். அவன் கட்டிய கதையில் முதல் ஓட்டை விழுந்தது.

"ரிசல்ட் சேதி தெரியுமுங்களா?" என்றான், விடாமல்.

"என்ன ரிசல்ட்டுங்க?"

மணியன் அவர்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. காய்ச்சல்காரனிடம் எதற்கு என்று வசந்தாமணியும் சொல்லியிருக்கவில்லை. இரண்டாவது ஓட்டை.

சரிதா மட்டும் அவசரப்படவில்லை. பின்கட்டு வாசலில் நின்று கஞ்சிச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, பாவுக்குப் போடற கஞ்சி ஒரு நாள்ல புளிச்சுப்போகாதுங்களா? வாரம் பூரா வெச்சிருக்கறாங்கன்னு சொல்றாங்களே, எப்புடீங்க?"

தறிக்காரரிடம் தறியைப் பற்றிக் கேட்டால் காய்ச்சல்கூட ஒதுங்கி நிற்கும். மணியன் போர்வையை விலக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்கு ஒரு பக்குவம் இருக்குதுங்க. எங்க ஊட்டுலெல்லாம் எப்பவும் செய்யறதுதான். கஞ்சி கொதி வர்றப்ப, ஒரு சிட்டிகை துத்தம். அவ்வளவுதான். புளிக்காது, பூசணம் புடிக்காது, பாவை ராத்திரி பாச்சை வந்து தொடாது. ஒரு வாரம் இருந்தாலும் அப்புடியே இருக்கும். அம்மிணி ஊருக்குப் போனப்பக்கூட, தினமும் எதுக்குக் காய்ச்சறதுன்னு மூணு நாளைக்கும் சேர்த்து ஒரேயடியாக் காய்ச்சி, துளியூண்டு..."

பேச்சை நிறுத்தினார்.

தெருவில் பத்துத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆத்தாயியின் கையில் சட்டி அப்படியே நின்றது. மணியன் தன் வலது கையின் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் பார்த்தார், துளியூண்டு அளவைக் காட்ட அவை இன்னும் ஒட்டியே இருந்தன.

"அம்மிணி," என்றார் மெல்ல. "என்னுங்க ஆச்சு?"

வசந்தாமணி சொன்னாள். சோதனை, செம்பு, சான்று, நாலு மணி. ஒவ்வொன்றையும் சொல்லும்போது குரல் உயர்ந்தது. கடைசியில் கத்தினாள். "என்ற தோட்டத்துல துத்தம்னு பேரு சொன்ன ஆளையே உள்ள விடமாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா? நாலு வருஷம்! நாலு வருஷமா என்னத்தைப் பார்த்தீங்க?"

"செடிக்குத்தான் ஆகாதுன்னு நெனைச்சேனுங்க," என்றார் மணியன். "இது காயிதத்துக்குத்தானேன்னு..."

யோசித்துப் பார்த்தால், கௌதமனும் அப்படித்தான் நினைத்திருப்பான். இயற்கை என்றால் மண், தண்ணீர், உரம். லேபிள் என்றால் லேபிள். அதன் முதுகில் என்ன இருக்கிறது என்று உலகத்தில் எவன் புரட்டிப் பார்த்தான்?

மணியன் கட்டிலை விட்டு இறங்கிச் சட்டையைத் தேடினார்.

"ஒரு காயிதம் குடுங்க சாமி. தோட்டத்துல நாந்தான் மருந்தடிச்சேன், அம்மிணிக்குத் தெரியாம அடிச்சேன்னு எழுதித் தாரேன். கூலிக்காரன் பண்ணுன வேலைன்னு போச்சுன்னா அம்மிணியை விட்டுருவாங்கல்ல?"

விட்டுவிடுவார்கள். கௌதமனுக்கு அது நன்றாகவே தெரிந்தது. கூலி ஆள் தெரியாமல் செய்துவிட்டான் என்றால் எந்தக் குழுவும் இரக்கப்படும். நல்ல கதை, சுலபமான முடிவு. இவனே கொஞ்ச நேரத்துக்கு முன் வண்டியில் சொல்லிக்கொண்டு வந்த கதையும் பழியை மணியன் மேல்தான் போட்டது. அதைக் கேட்க இப்போது அவன் காதே கூசியது.

சரிதா வசந்தாமணியைப் பார்த்தாள். முடிவு கட்சிக்காரருடையது.

"அடிக்காத மருந்தை அடிச்சேன்னு எழுதமாட்டேன்னு காலையிலதான் அந்தாளு மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போட்டு வந்தேன்" என்றாள் வசந்தாமணி. கண்ணீர் வந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்க அவளுக்கு நேரமில்லை. "இப்ப நீங்க எழுதி நான் தப்பிக்கறதா? ஆத்தாயி, அண்ணனுக்கு மாத்திரை குடு. சட்டையைப் போடுங்கண்ணா. நாமக்கல் போலாம்."

*

சான்று அலுவலகத்தில் சான்றுக் குழுத் தலைவர் வித்யாவுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆனால் கண்ணாடிக்கு மேல் அவர் பார்த்த பார்வைக்கு எழுபது வயது. இருபுறமும் இரண்டு அதிகாரிகள். சந்திரசேகர் மடியில் அட்டைப்பெட்டியோடு, அந்த நாற்றத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

சரிதா ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டியின் சீலை வித்யாவே உடைத்தார். இரண்டு பாச்சைகள் வெளியே வந்து, அரசு அலுவலகம் என்று தெரிந்ததும் திரும்ப உள்ளே போய்விட்டன. பழங்களை வித்யா குச்சியால் புரட்டிப் பார்த்தார். அரித்த தோல், அரிக்காத லேபிள்.

மணியனைக் கேட்டார். மணியன் எழுந்து நின்று, போர்வையோடு, ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னார்.

"அப்ப லேபிள்லதான் துத்தம்" என்றார் வித்யா. "ஆனா பழத்து மேல ஒட்டிட்டா லேபிளும் பழத்தோட சேர்த்திதான். வாங்கிட்டுப் போறவங்க தோலைத் தொடறாங்க, குழந்தைங்க வாயில வைக்குது. கோந்து தனி, பழம் தனின்னு நான் பிரிக்க முடியாது."

"பிரிக்க வேண்டாமுங்க" என்றாள் சரிதா. "லேபிள் பழத்தோட சேர்த்தி. ஒத்துக்கறோம். தோட்டத்து மண்ணோடயும் சேர்த்தியா?"

வித்யா குச்சியைக் கீழே வைத்தார்.

"நீங்க மாதிரிக்கு எடுத்தது பூராவும் லேபிள் ஒட்டுன பழம். நம்பருக்காக எடுத்தீங்க, தப்பில்ல. ஆனா லேபிள் ஒட்டாத ஒரு பழத்தைக்கூடப் பார்க்காம, 'தோட்டத்தில் மருந்து தெளித்தார்'னு எழுதியிருக்கீங்க. நம்பர் பிளேட்டுல சேறு இருக்குதுன்னு இன்ஜினைக் கழட்டிப்போட்ட மாதிரி இருக்குதுங்க."

பக்கத்து அதிகாரி இருமினார். வித்யா கோப்பைப் புரட்டினார். "மறு சோதனைக்குன்னு ஒவ்வொரு லாட்லயும் ஒரு முழுச் சீப்பு எடுத்து ஃப்ரீசர்ல வெச்சிருக்கோம்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல்.

"அனுப்புங்க மேடம்" என்றாள் வசந்தாமணி. "லேபிள் இல்லாத பழம் எத்தனை இருக்குதோ அத்தனையும் அனுப்புங்க. பத்தாதுன்னா தோட்டத்துக்கு வாங்க. மண்ணு எடுங்க, தண்ணி எடுங்க, வேரைத் தோண்டி எடுங்க."

சந்திரசேகர் தொண்டையைச் செருமினார். "மேடம், இதுக்கெல்லாம் ஒரே வழி, இனிமே எல்லாரும் எங்க ஸ்டிக்கரையே—"

"உங்க ஸ்டிக்கர்ல இருக்கற கோந்துக்குச் சோதனை அறிக்கை இருக்கா?" என்றார் வித்யா, நிமிராமலே.

"அது... சப்ளையர்கிட்ட கேட்கணும் மேடம்."

"கேளுங்க. வர்ற வரைக்கும் அதுவும் பழத்து மேல ஏறக்கூடாது."

சந்திரசேகர் மடியிலிருந்த பெட்டியை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். கௌதமனுக்கு அவர் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. ஒரு விரல்கடை அளவுதான்.

வித்யா தீர்ப்பைச் சொன்னார். சான்று ரத்தில்லை. லேபிள் ஒட்டாத பழங்கள் சோதனைக்குப் போகும். அவை சுத்தமாக வந்தால் தோட்டத்தின் மேல் ஒரு புள்ளியும் விழாது. ஆனால் பதிமூன்று, பதினான்கு, பதினைந்து மூன்று லாட்டுகளையும் இயற்கை என்று சொல்லக்கூடாது. கவனக்குறைவு என்று ஓர் எச்சரிக்கை கோப்பில் ஏறும்.

"ஏத்துங்க" என்றாள் வசந்தாமணி. "பசை எங்களுது, அந்தத் தப்பும் எங்களுது. ஆனா 'மருந்து தெளித்தார்'ங்கற வார்த்தையை என்ற கண்ணு முன்னாலயே அடிச்சுருங்க. அதுக்கப்புறந்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

வித்யா அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, அந்த இரண்டு வார்த்தைகளின் மேல் ஒரு கோடு இழுத்தார். வசந்தாமணி எட்டிப் பார்த்தாள். "இன்னொரு கோடுங்க" என்றாள். இன்னொரு கோடும் விழுந்தது. சுருக்கொப்பம் வைத்துத் தேதி போட்டார்.

"ஒரு நிபந்தனை. இனிமே உங்க குழுவுல பசை தயாரிக்கறதுக்குன்னு ஒரே ஒரு பொறுப்பாளர் இருக்கணும். ஒவ்வொரு நாள் பசைக்கும் அவர் கையெழுத்து வேணும். யார் பேரு எழுதட்டும்? உங்க பேரா?"

"மணியன்" என்றாள் வசந்தாமணி. "வெண்ணந்தூர்."

மணியன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அம்மிணி, வேண்டாமுங்க."

வித்யாவின் பேனா காகிதத்துக்கு மேல் நின்றது. "தப்புப் பண்ணுனவர் பேரையே சொல்றீங்களேம்மா?"

"குழுவுல முப்பத்தொரு பேரு இருக்கறோமுங்க. பசைக்குள்ள என்ன போடக்கூடாதுன்னு இனிச் சாகற வரைக்கும் மறக்காத ஆளு இவரு ஒருத்தருதான். எழுதுங்க."

வித்யா எழுதினார். கோப்பைத் திருப்பி மணியனின் பக்கம் வைத்தார். மணியன் போர்வையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்தின் மேல் புள்ளி வைக்க இரண்டு தடவை முயன்றார். இரண்டாவது தடவை சரியான இடத்தில் விழுந்தது.

கௌதமன் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சரிதா கேட்டால், பெட்டி நாற்றம் கண்ணில் அடித்தது என்று சொல்வதாக முடிவு செய்திருந்தான். அவள் கேட்கவில்லை.